வீடு எனக்கு, மரம் செல்லம்மாவுக்கு

ஒன்றும் தெரியாதவர்கள் அவ்வளவாக மாட்டிக்கொள்வதில்லை. நாலு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் எதையும் செய்வார்கள். எல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் ஆபத்து. எங்கள் குடும்பத்தில் அப்படி இரண்டு பேர். ஒருவர் அப்பா, இன்னொருத்தி நான்.

அப்பா சேலத்தில் பத்திரம் எழுதுபவர். மற்ற வீடுகளில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது நிலாவைக் காட்டுவார்கள். எங்கள் வீட்டில் வாடகைக்கும் குத்தகைக்கும் வித்தியாசம் சொல்வார்கள். "மாசாமாசம் காசு குடுத்தா வாடகை. மொத்தமாக் குடுத்துட்டு, காலி பண்றப்ப திருப்பி வாங்கிக்கிட்டா போக்கியம். வெளைச்சலுக்குப் பேசி எடுத்தா குத்தகை. மூணுல குத்தகைதான் கண்ணு மூத்தது. காசு பொழக்கத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே நெல்லை அளந்து போட்டுட்டு அடுத்தவன் வயலை உழுதிருக்கான்." (எனக்கு அப்போது வயது ஏழு.)

எண்பதுகளின் நடுவில் ஏற்காட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. கல்யாணமாகாத பெண் மலைமேல் தனியாக இருக்கக் கூடாது என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். அழுது, பட்டினி கிடந்து, ஒரு வழியாகச் சம்மதம் வாங்கினேன். ஆனால் ஒரு மாதம் கழித்து அவரே வந்து பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் வேலையை உதறிவிட்டு, பெட்டியோடு அவர் கூடவே பஸ் ஏறிவிட வேண்டும். அதுதான் நிபந்தனை.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன வீடு அமைந்தது. வீட்டுக்காரர் ஓர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். "வாயில பேசிக்கிட்டாப் போதாதுங்களா டீச்சர்?" என்றவரிடம், அப்பா எழுதி அனுப்பிய நாலு பக்க ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினேன். ஒட்டடை அடிப்பது யார் என்பது வரைக்கும் அதில் இருந்தது. கொல்லையில் நின்ற பலாமரத்தைப் பற்றித்தான் ஒரு வரிகூட இல்லை. மரத்தில் யாரோ சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். கரையானுக்காக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். (யாரையாவது கேட்டால் கௌரவம் என்ன ஆவது?)

அப்பா வந்தார். தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார். ஜன்னல் கம்பிகளை இழுத்துப் பார்த்தார். "நொம்ப ஒதுக்கமா இருக்குதே கண்ணு. ஒண்ணுன்னா கூப்பிட்ட கொரலுக்கு யாரு வருவா?" என்று முகத்தைச் சுளித்தார். பேச்சை மாற்றுவதற்காக, "பலாப்பழம் அறுக்கலாமாப்பா? நம்ம மரந்தான்" என்றேன். அப்பா அடுத்த நொடியே வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்.

கைக்கு எட்டிய பழத்தை வெட்டி இறக்கிப் பிளந்தார். பலாப்பால் பிசின் மாதிரி ஒட்டும், முதலில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் இருவர் மூளைக்கும் எட்டவில்லை. ஆளுக்கு நாலு சுளை உள்ளே போயிருக்கும். வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு, கையில் கொடுவாளோடு ஓர் அம்மாள் வந்து நின்றார்.

"ஏனுங்க, யாரைக் கேட்டு அறுத்தீங்க?"

"வாடகை ஊட்டு மரம் வாடகைக்கு இருக்கறவங்களுதும்மா" என்றார் அப்பா, நீதிபதிக்குப் பதில் சொல்பவர் போல.

"ஊட்டைத்தானுங்க ரைட்டரு இந்தப் புள்ளைக்கு உட்டாரு. மரத்தைப் பிஞ்சு உட்டப்பவே எனக்குக் குத்தகைக்கு உட்டுட்டாரு. சுண்ணாம்பு போட்டு வச்சது கண்ணுக்குத் தெரியலீங்களா?"

அவர் பெயர் செல்லம்மா, தலைச்சோலை என்ற மலைக் கிராமத்துக்காரர். வீடு ஒருவருக்கு, அதன் கொல்லையில் காய்க்கிற மரம் இன்னொருவருக்கு என்பது அந்த மலையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

"பத்திரம் இருக்குதா?" என்றார் அப்பா.

"வெத்தல பாக்கு மாத்தியாச்சுங்க. அதுக்கு மேல என்னத்துக்குப் பத்திரம்?"

"எங்ககிட்ட இருக்குது!" என்று அப்பா உள்ளே ஓடி ஒப்பந்தத்தை எடுத்து வந்தார். பாலும் பிசினுமான அதே கையோடு! முதல் பக்கம் இடது கையில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்க்கப்போய் இரண்டாம் பக்கம் வலது கையில். உதறியதில் மூன்றாம் பக்கம் மீசையில். அந்தக் கோலத்திலேயே, தான் எழுதியதைத் தானே முழுக்கப் படித்தார். மரம் என்ற சொல்லே அதில் இல்லை. "தப்புதானுங்கம்மா" என்று கையைக் கூப்பினார். கூப்பிய கை பிரிய மறுத்துவிட்டது.

செல்லம்மா கொடுவாளைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானோ வேலை போச்சு என்று தேம்பித் தேம்பி அழுதேன்.

"அழுவாத கண்ணு, போயி எண்ணெய் கொண்டா" என்ற செல்லம்மா, அப்பாவின் கையைத் தேய்த்துப் பிரித்துக்கொண்டே சொன்னார்: "வேலிக்கு அந்தப் பக்கம் என்ற தங்கச்சி ஊடுங்க. பலா முடியற வரைக்கும் அங்கதான் இருப்பேன். அப்பறம் இங்க காய்க்கற மொளகு, ஆரஞ்சு எல்லாமே என்ற குத்தகைதான். வருசம் பூராவும் எனக்குத் தெரியாம இந்தக் கொல்லையில ஒரு காக்கா உக்கார முடியாதுங்க."

அப்பா கசங்கிய பக்கங்களைப் பொறுக்கிப் பையில் திணித்தார். மாலை பஸ்ஸுக்கு நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். பஸ் வந்ததும் அவர் மட்டும் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகச் சொன்னார்: "எதுக்குக் கண்ணு பெட்டியோட வந்த? பத்து நிமிசத்துல என்னையே புடிச்சுட்டா அந்தம்மா. அவளைத் தாண்டி எவன் வந்துருவான்? பேசாம ஊட்டுக்குப் போ."

அன்றிலிருந்து அப்பா எழுதிய வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் பலாமரத்துக்கு ஒரு ஷரத்து தவறாமல் இருக்கும். என் மகன் சென்னையில் வாடகைக்கு வீடு பிடித்தபோதும் தாத்தாதான் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்காரர் படித்துப் பார்த்துவிட்டுக் குழம்பிப்போய் அப்பாவுக்கு ஃபோன் செய்தார்.

"ஐயா, பதினோராவது மாடியில ஏது பலாமரம்?"

"இல்லைன்னா நொம்ப நல்லதுங்க" என்றார் அப்பா. "தைரியமாக் கையெழுத்துப் போடுங்க."