நான்கு காவல்காரர்களும் ஒரு சம்பந்தியும்

மவுஸை ஒரு தட்டுத் தட்டிவிட்டு விர்யோனோ ஐயா, எங்கள் ஊர் வழக்கில் பாக் விர்யோனோ, குளிக்கப் போனார். குளித்து, உடை மாற்றி, பொரித்த டெம்பேயோடு ஒரு தட்டு சோறு தின்று, ஏப்பமும் விட்டுத் திரும்பி வந்தபோது, திரையில் மணற்கடிகாரம் வைத்த இடத்திலேயே இருந்தது. மணல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருப்பதுபோல அவருக்குப் பட்டது. அது நப்பாசை.

"திறந்துடுச்சா?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் மனைவி லஸ்மி.

"வந்துட்டே இருக்கு."

"இதையேதான் காலையிலயும் சொன்னீங்க. நடந்து வந்திருந்தாக்கூட இந்நேரம் இந்த சோலோ ஊரையே சுத்தி முடிச்சிருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை அந்தத் திரையில் சம்பந்தி வரப்போகிறார். அதுதான் கவலை.

மகள் கினாசி ஜகார்த்தாவில் தன்னோடு வேலை பார்க்கும் இர்சானைக் கட்டிக்கொள்வதாக முடிவு செய்துவிட்டாள். பையன் தங்கம். பையனின் அப்பா ஹராஹப், கடல் தாண்டி மேடானில் பஸ் பட்டறை வைத்திருப்பவர். அவர் ஃபோனில் பேசினால் ஃபோன் இல்லாமலேயே சோலோவில் கேட்கும். பஸ் கூரைமேல் நின்று கீழே இருந்த வேலையாளைத் திட்டிக்கொண்டே தவறி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கிடந்தார். அதனால் முதல் பேச்சு கம்ப்யூட்டரில். கேமரா வைத்த ஃபோன் எங்கள் சந்துக்குள் நுழையாத காலம் அது.

ஹராஹப்பின் விருப்பம் முன்கூட்டியே வந்து சேர்ந்துவிட்டது: கல்யாணம் மேடானில், அதன்பிறகு பிள்ளைகளும் மேடானில், பட்டறையைப் பார்த்துக்கொண்டு.

"அப்பா, எனக்கும் இஷ்டமில்ல, அவருக்கும் இஷ்டமில்ல," என்று அழாத குறையாகச் சொல்லியிருந்தாள் கினாசி. "ஆனா அவங்கப்பாகிட்ட அவர் வாயைத் திறக்க மாட்டார். நான் சொன்னா, வர்றதுக்கு முன்னாடியே வாயாடி மருமகள்னு ஆயிடும். நீங்கதான் முடியாதுன்னு சொல்லணும்."

"ஆகட்டும்," என்றார் விர்யோனோ.

லஸ்மிக்கு அந்த 'ஆகட்டும்' மேல் நம்பிக்கை இல்லை. ஏனென்றால் அவர் வாயில் பிறந்ததிலிருந்து வேறு வார்த்தையே வந்ததில்லை. எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே மறுப்பது யாருக்குமே வராது. ஆனால் விர்யோனோ அந்தக் கலையில் சக்கரவர்த்தி. ஒருமுறை ரயில் கார்டு மரியாதையாகக் கையைக் காட்டி "ஏறுங்க பாக்" என்றார் என்பதற்காக, பக்கத்து ஊருக்குப் போகவேண்டியவர் சுராபாயா வரை போய்வந்தார். புல்வெட்டும் யந்திரம் ஒன்று வீட்டில் இருக்கிறது. புல் கிடையாது.

"வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணு," என்றாள் லஸ்மி. "ஒரே ஒரு 'முடியாது'. அதை ஞாயித்துக்கிழமை சொல்லிடுங்க. அப்புறம் சாகறவரைக்கும் ஆகட்டும் ஆகட்டும்னே இருங்க, நான் கேக்கல."

"ஆகட்டும்," என்றார் அவர்.

முதலில் கம்ப்யூட்டர் ஓடவேண்டுமே. வைரஸ் தடுப்பு எதைப் போடலாம் என்று சந்துத் தலைவர் பாக் சுமார்னோவிடம் வாசலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டார். அதுதான் தப்பு. எங்கள் சந்தில் வைத்தியமும் கம்ப்யூட்டரும் எல்லாருக்கும் தெரியும்.

அன்று மாலையே சுமார்னோ ஒரு பென் டிரைவோடு வந்தார். "புலி. என் மருமகன் ஆபீஸ்ல இதுதான். வைரஸ் வாசனை பட்டா போதும், பாய்ஞ்சுடும்."

விர்யோனோ ஏற்கெனவே வேறொன்றைப் பார்த்து வைத்திருந்தார். இலவசம், எடை குறைவு, பழைய யந்திரத்துக்கு ஏற்றது என்று பத்திரிகையில் போட்டிருந்தது. சொல்லத்தான் நினைத்தார்.

"ஆகட்டும், பாக்," என்றார். திரையின் மூலையில் ஒரு புலி வந்து உட்கார்ந்தது.

மறுநாள் ஓய்வுபெற்ற கர்னல் சுதிக்னோ வந்தார். அந்தக் காலத்தில் உளவுப் பிரிவில் இருந்ததாக அவரே சொல்லிக்கொள்வார். சொல்லக்கூடாதல்லவா என்று யாரும் கேட்டதில்லை.

"புலியா?" என்று மூக்கைச் சுருக்கினார். "பாக், விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். வைரஸ்ங்கறவன் கதவை உடைச்சுட்டு வர்ற திருடன். அவனைப் புலி பிடிக்கும். ஸ்பைவேர் அப்படியா? அவன் விருந்தாளி மாதிரி வருவான். உக்காருவான். டீ குடிச்சுக்கிட்டே உங்க வீட்டுல எத்தனை கரண்டின்னு எண்ணிட்டுப் போய் ஊருக்குச் சொல்லிடுவான். அவனுக்குத் தனி ஆள் வேணும்."

"ஆகட்டும், கர்னல்." புலிக்குப் பக்கத்தில் இமைக்காத கண் ஒன்று வந்தது.

அடுத்து எதிர்வீட்டு அம்மாள் இபு வார்ஸினி ஒரு தட்டு லும்பியா பலகாரமும் ஒரு குறுந்தகடும் கொண்டுவந்தார். குடை. அது வைரஸ், ஸ்பைவேர், கண்ணேறு எல்லாவற்றையும் தடுக்குமாம். தட்டைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கமுடியாது, பொரித்த வாழைப்பழம் வைத்துக் கொண்டுபோகவேண்டும், கொண்டுபோனால், "போட்டாச்சா?" என்று கேட்பார். குடையும் வந்தது.

புலி கண்ணைப் பார்த்தது. கண் குடையைப் பார்த்தது. யாரோ தெரியாத ஆள் வீட்டுக்குள் இருக்கிறான் என்று மூன்றும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தன. திருடனுக்கு அங்கே நிற்க இடமே இல்லை. அதற்குப்பின் 'அ' என்று ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரையில் விழுவதற்குள் அரிசியைக் களைந்து உலையில் போட்டுச் சோற்றை வடித்துவிடலாம் என்று ஆயிற்று. லஸ்மி வடித்தும் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை, கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தூத்திக் வந்து பார்த்தாள். பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"பாக், ஒரு வாசலுக்கு ஒரு வாட்ச்மேன்தான். மூணு பேரைப் போட்டா, அவங்க ஒருத்தனை ஒருத்தன் கட்டிப் போட்டுட்டுத்தான் வேற வேலை பாப்பாங்க. எதை வெச்சுக்கறீங்க? மத்த ரெண்டையும் தூக்கிடறேன்."

விர்யோனோவின் முகம் வெளுத்தது. "எதைன்னு எப்படிமா சொல்றது? புலியை வெச்சா கர்னலுக்குக் கஷ்டம். கண்ணை வெச்சா தலைவருக்குக் கஷ்டம். குடை..."

"அப்போ மூணையும் தூக்கிடு," என்றாள் லஸ்மி. "யாருக்கும் ஓரவஞ்சனை இல்ல."

தூத்திக் கையை மவுஸில் வைத்தாள். அதே நேரம் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். கர்னல். "கண் எப்படி இருக்கு, பாக்? ஏதாவது சிக்குச்சா?"

"ரொம்ப நல்லா இருக்கு, கர்னல்," என்று விர்யோனோ எழுந்தே நின்றுவிட்டார்.

கர்னல் டீ குடித்துப் போனதும் விர்யோனோவுக்கு ஒரு யோசனை உதித்தது. "ஏம்மா தூத்திக், இந்த மூணு பேரையும் மேய்க்கறதுக்கு நாலாவதா ஒண்ணு இருக்குமா? மேஸ்திரி மாதிரி?"

அதைவிட முட்டாள்தனம் உலகத்தில் கிடையாது என்று தூத்திக்குக்குத் தெரியும். ஆனால் அவளும் சோலோவில் பிறந்தவள். எதிரே நிற்பவர் அப்பா வயதுக்காரர்.

"ஆகட்டும், பாக்," என்றாள். ஆந்தை ஒன்று வந்து உட்கார்ந்தது.

ஞாயிறு காலைப் பேச்சுக்காக சனிக்கிழமை மத்தியானமே கம்ப்யூட்டரைப் போட்டார்கள். சேவல் கூவும்போது அது விழித்துக்கொண்டது.

விர்யோனோ பத்திக் அச்சுப் போட்ட நல்ல சட்டையில், கைகளை மடியில் வைத்து, நேராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் லஸ்மி. திரையில் மாவுக்கட்டுக் காலை முக்காலிமேல் நீட்டியபடி ஹராஹப். ஓரத்தில் அவர் மனைவி இபு ரோஸ்னா.

"சம்பந்தி," என்று அவர் ஆரம்பித்ததுமே ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "நான் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாதவன். கல்யாணம் மேடான்ல. பசங்க குடித்தனமும் மேடான்ல. எனக்கப்புறம் பட்டறையை யாரு பாக்கறது? என்ன சொல்றீங்க?"

லஸ்மி அவர் தொடையில் கிள்ளினாள். விர்யோனோ மூச்சை இழுத்தார். 'முடியாது' என்ற சொல்லைத் தேடி உள்ளே இறங்கினார். அங்கே அது இல்லை. 'ஆகட்டும்' மட்டும், கூப்பிடாமலே, நாக்கு நுனிவரை வந்து நின்றது.

அப்போது திரை உறைந்தது.

ஹராஹப்பின் வாய் திறந்தபடி, விரல் உயர்ந்தபடி. ஒரு சத்தமும் இல்லை. அவர் மார்பின்மேல் ஒவ்வொன்றாகப் பெட்டிகள் முளைத்தன. 'கண் என்னும் ஆபத்தைக் கண்டேன், அழிக்கவா?' என்றது புலி. 'புலி உங்களை உளவு பார்க்கிறது, விரட்டவா?' என்றது கண். 'இருவரையும் நம்பாதீர்கள்,' என்றது குடை. 'எல்லாம் நலம்,' என்றது ஆந்தை.

லஸ்மி எழுந்து தூத்திக்கைக் கூட்டிவர ஓடினாள்.

விர்யோனோ அசையவில்லை. எந்தப் பெட்டியில் தட்டினாலும் சந்தில் ஒரு வீட்டோடு உறவு முறியும். எழுந்து போகலாமென்றால், ஒரு பெரியமனிதர் வாயைத் திறந்துகொண்டிருக்கும்போது எழுவது என்ன மரியாதை? எந்த நொடியும் படம் உயிர் பெற்றுவிடலாம். ஆகவே கைகள் மடியில் இருந்தபடி, உதட்டில் விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் அந்தப் புன்சிரிப்போடு, போரோபுதூர் புத்தர் சிலைகளே வந்து பாடம் கேட்கலாம் என்பதுபோல இருந்தார். கண் சிமிட்டக்கூட யோசித்தார்.

திடீரென்று திரையில் எல்லாம் ஆடியது. ஹராஹப்பின் சட்டைப் பொத்தான்கள் திறந்திருந்தன. முகத்தில் வியர்வை ஆறாக ஓடியது. முக்காலி கவிழ்ந்து கிடந்தது.

"...போதும் சம்பந்தி, போதும்," என்றார் அவர். குரல் சாதாரண மனிதர்களின் குரல் அளவுக்கு இறங்கியிருந்தது. "கல்யாணம் சோலோவிலேயே இருக்கட்டும். பசங்க ஜகார்த்தாவிலேயே இருக்கட்டும். பெருநாளைக்கு மட்டும் மாத்தி மாத்தி வரட்டும், பட்டறையை என் தம்பி மகன் பாத்துக்குவான். இதுக்கு மேல என்கிட்ட கொடுக்க ஒண்ணும் இல்ல. இப்பவாவது சரியா?"

விர்யோனோவுக்குத் தலைகால் புரியவில்லை. தெரிந்த ஒரே வார்த்தையைச் சொன்னார்.

"ஆகட்டும்."

"அப்பாடா," என்று ஹராஹப் இபு ரோஸ்னாவின் தோளைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் குடிக்க நொண்டிப் போனார். "எத்தனை பஸ் முதலாளிங்ககிட்ட பேரம் பேசியிருக்கேன். இப்படி ஒரு ஆளைப் பாத்ததே இல்ல."

தூத்திக்கோடு ஓடிவந்த லஸ்மி கடைசி வார்த்தைகளை வாசலிலேயே கேட்டுவிட்டாள். மூச்சிரைக்க நின்றவள் கேமராவுக்குத் தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகள் கடல் தாண்டப் போவதில்லை. எத்தனையோ நாளாக நெஞ்சில் கிடந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கி வெளியே வைத்ததுபோல இருந்தது.

"என்ன சொன்னீங்க அவருகிட்ட?"

"ஒண்ணுமே சொல்லல. படம் நின்னுபோச்சு. நானும் உக்காந்திருந்தேன்."

தூத்திக் பெட்டிகளைப் பார்த்தாள், விஷயம் புரிந்தது. "இங்க அவர் நின்ன மாதிரி அங்க நீங்களும் நின்னிருப்பீங்க, பாக். பாவம், உங்க ஃபோட்டோவோட பேரம் பேசியிருக்கார் மனுஷன்."

லஸ்மி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "கல்யாணமானதுலேர்ந்து இந்த மனுஷன் செய்யாததை, இவரு ஃபோட்டோ செஞ்சுடுச்சே. அதையே கட்டியிருக்கலாம்."

விர்யோனோ சிரிக்கவில்லை. "ஏமாத்தின மாதிரி ஆயிடுச்சு, லஸ்மி."

"வாயைத் திறந்தீங்க, அந்த நாலையும் விட்டு உங்களைக் கடிக்க வெப்பேன்."

இதற்குள் திரையில் இபு ரோஸ்னா திரும்பி வந்து, எதை அழுத்தினால் அணையும் என்று தேடிக்கொண்டிருந்தார். விர்யோனோவின் மனசாட்சிக்குப் பொறுக்கவில்லை. முதுகில் லஸ்மியின் நகம் பதிய, அவர் முன்னால் குனிந்தார்.

"இபு, மன்னிக்கணும். நீங்க வாக்கைத் திருப்பி எடுத்துக்கிட்டாலும் நியாயம்தான். எங்க கம்ப்யூட்டர் உறைஞ்சுபோச்சு. சம்பந்தி பேசின ஒரு வார்த்தை எனக்குக் கேக்கல. அவர் அவ்வளவு நேரம் பாத்துக்கிட்டிருந்தது என்னை இல்ல, நின்னுபோன ஒரு படத்தை."

இபு ரோஸ்னா தேடுவதை நிறுத்திவிட்டு அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"படமா? மேடான்னு சொன்ன உடனே உங்க வீட்டம்மா விருட்டுனு எழுந்து வெளிய போனாங்க, உங்க தலைக்கு மேல ஃபேன் சுத்திச்சு, பூனை ஒண்ணு பின்னாடி அலமாரியில ஏறி இறங்குச்சு, உங்க மூக்குல ஈ உக்காந்து கையைத் தேய்ச்சுட்டுப் பறந்துச்சு; அசையாம இருந்தது நீங்க ஒருத்தர்தான், பாக்."