ஒரு பக்கப் பள்ளம்

மீஞ்சூரில் யேசுதாஸ் வீட்டு முன்னறையில் அந்த ஞாயிற்றுக்கிழமை இருந்தவர்கள்: அனல்மின் நிலையப் பட்டறையில் இருந்து ஓய்வு பெற்று, இப்போது தாடையில் மூன்று இடத்தில் செய்தித்தாள் துணுக்கு ஒட்டிச் சவரக் காயத்தின் ரத்தத்தை நிறுத்தியிருந்த யேசுதாஸ், துணுக்குகளைக் கிழித்துக் கொடுத்த அவர் மனைவி விக்டோரியா, மகள் பிரின்சி, பிரின்சியைக் கட்டிக்கொள்ளப் போகும் ஸ்டீபன், மேசைமேல் வெல்வெட் துணியில் ஒரு பழைய சவரக்கத்தி.

தலைமை கத்திதான்.

"மொன்னையாப் போச்சி மாப்ள," என்றார் யேசுதாஸ். "நீ கிரைண்டிங்லதான கீற?"

"ஆமா மாமா. கும்மிடிப்பூண்டில. ஆறு வருசமா."

"அப்ப பதம் மட்டும் புடிச்சிக் குடு. வேற எங்கியும் கை வைக்காத. எங்க மாமனார் வச்சிருந்த கத்தி. அவருக்கு ஹார்பர்ல ஒரு கப்பல் கேப்டன் குடுத்தாரு. பாரு, இந்தப் பக்கம் பள்ளம், அந்தப் பக்கம் பலகையாட்டம் தட்டை. இந்த மாரி உலகத்துலயே கிடைக்காது."

"வாரா வாரம் வெட்டுதே நைனா," என்றாள் பிரின்சி.

"ஃபாரின் கத்தி. அப்டித்தான் வெட்டும்."

கத்தியைப் பற்றி அந்த வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசக்கூடாது. பிரின்சிக்கு முதலில் பார்த்த மாப்பிள்ளை பேசினான். "ஒரு பக்கம் தேஞ்சி போச்சே அங்கிள்," என்றான். அவனுக்கு ஓலை வாசிக்கும் வரை போகவில்லை.

ஸ்டீபனுக்கு இரண்டு ஓலை வாசித்தாயிற்று. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை சொல்கிறவர்கள் சொல்லலாம் என்று சர்ச்சில் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். அடுத்த ஞாயிறு மூன்றாவது. யேசுதாஸ் முதல் வரிசையில் உட்காருகிறவர். எழுந்து நின்றால் போதும், கல்யாணம் நின்றுபோகும்.

"சொன்னத மட்டும் செய் தம்பி," என்றாள் விக்டோரியா. அவள் பேசுவதே குறைவு.

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் ஸ்டீபன் கத்தியை மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தான். இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை. கொஞ்சநஞ்சம் இல்லை. அவன் வேலை செய்யும் இடத்தில் இரண்டு பக்கம் ஒத்துப்போகாத பொருள் சிவப்புத் தொட்டிக்குப் போகும். ஆறு வருடத்தில் அப்படி எத்தனையோ தூக்கிப் போட்டிருக்கிறான். கை அரித்தது.

பதம் பிடித்தான். பிறகு தட்டைப் பக்கத்தையும் சக்கரத்தில் காட்டினான். மணி அடிப்பதற்குள் இரண்டு பக்கமும் ஒரே ஆழப் பள்ளம். தலைமுடி அளவுகூட வித்தியாசம் இல்லை.

பக்கத்து மிஷினில் வேலை பார்க்கும் குணா கத்தியை வாங்கிப் பார்த்தான். "சூப்பர் மச்சான். இன்னா கத்தி இது?" என்று போனை எடுத்துத் தேடினான். தேடிக்கொண்டே இருந்தான். அவன் முகம் மாறியது.

"மச்சான், முன்னாடி இது ஒரு பக்கம் மட்டும்தான் பள்ளமா இருந்துச்சா?"

"ஆமா. தப்பா செஞ்சிருந்தான். சரி பண்ணிட்டேன்."

"தப்பு இல்லியாம்டா. வேணும்னே அப்டி செய்வாங்களாம். எப்பவாச்சும் ஒண்ணுதான் கண்ணுல படுமாம். 'கிடைச்சா தயவுசெஞ்சி எதையும் சரி பண்ணாதீங்க'ன்னு ஒருத்தன் எழுதிக்கிறான்."

"இத முன்னாடியே பாத்துச் சொல்ல மாட்டியா?"

"நீ முன்னாடியே காட்டுனியா?"

செவ்வாய்க்கிழமை ஒரு பக்கத்தை மறுபடி தட்டையாக்க முயன்றார்கள். இரும்பைச் சீவ முடியும், சீவியதை ஒட்ட முடியாது. இருவருக்கும் தெரிந்த விஷயம்தான், ஒரு மணி நேரம் மறந்துபோனார்கள். கத்தி அப்பளம் மாதிரி ஆனது. வளையவும் செய்தது.

"சூடு காட்டி நிமித்தலாம்," என்றான் குணா.

புதன்கிழமை சூடு காட்டினார்கள். நிமிர்ந்தது. ஆனால் நீலமாகிவிட்டது.

"தண்ணில போட்டா சரியாப் பூடும்."

தண்ணீரில் போட்டார்கள். டிங் என்று ஒரு சத்தம். எடுத்தபோது இரண்டாக வந்தது.

"இப்ப ரெண்டு கத்தி இருக்குதுடா," என்றான் குணா. ஸ்டீபன் திரும்பிப் பார்த்தான். குணா நகர்ந்து நின்றுகொண்டான்.

புதிதாகச் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை. இரும்பு அறுக்கும் ரம்பத்தின் பழைய பிளேடு ஒன்று கிடைத்தது, நல்ல இரும்பு. பழைய கொம்புப் பிடியைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"பள்ளம் எந்தப் பக்கம்?" என்று கேட்டான் குணா.

ஸ்டீபன் உடைந்த துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வித்தியாசத்தை மைக்ரான் கணக்கில் அளந்திருந்தான். எந்தப் பக்கம் என்று பார்த்து வைக்கவில்லை. பிரின்சிக்குப் போன் போட்டான்.

"உங்கப்பா அந்தக் கத்தியோட இருக்கிற போட்டோ எதனா இருக்கா?"

"இன்னாத்துக்கு?"

"சும்மாதான். பாக்கணும் போல இருந்துச்சி."

"ஒரு நாளாச்சும் என் போட்டோ கேட்டுக்கீறியா நீ?"

கோபத்தோடுதான் அனுப்பினாள். நிச்சயதார்த்தத்தன்று அப்பாவும் மகளுமாக எடுத்த செல்ஃபி. யேசுதாஸ் கத்தியைத் திறந்து, முனை மேலே பார்க்க, முகத்துக்குப் பக்கத்தில் பிடித்திருந்தார். பள்ளம் எந்தப் பக்கம் என்று தெளிவாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மாலை கத்தி தயார். பிடி, நீளம், முதுகின் வளைவு எல்லாம் அச்சு. ஸ்டீபன் அதுவரை செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். வெளியே சொல்லிக்கொள்ள முடியாது.

சனிக்கிழமை சாயங்காலம் அந்த செல்ஃபியை இன்னொரு தடவை பார்த்தான். யேசுதாஸின் சட்டைப்பை வலப்பக்கம் இருந்தது.

தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். இடப்பக்கம். பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த சட்டையைப் போய்ப் பார்த்தான். அதுவும் இடப்பக்கம். குணாவுக்குப் போன் போட்டான்.

"உன் சட்டைப்பை எந்தப் பக்கம்டா?"

"இடது பக்கம். ஏன், குடிச்சிகினு கீறியா?"

"செல்ஃபி கண்ணாடி மாரிடா. மாத்திக் காட்டியிருக்கு. பள்ளத்த எதிர்ப் பக்கம் போட்டுட்டோம்."

"நாளைக்கு நான் சர்ச்சுக்கு வரணுமா?" என்றான் குணா.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டீபன் வெல்வெட் துணியை மேசைமேல் வைத்தான். யேசுதாஸ் கத்தியைத் திறந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"பதம் புடிச்சியா?"

"புடிச்சேன் மாமா."

"வேற எங்கியும் கை வைக்கல?"

"இல்ல மாமா."

அவர் ஸ்டீபனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கத்தியோடு குளியலறைக்குள் போனார். விக்டோரியா வழக்கம்போல நேற்றைய செய்தித்தாளில் மூன்று துணுக்கு கிழித்தாள். ஸ்டீபன் முகத்தைப் பார்த்தாள். நான்காவதாக ஒன்றும் கிழித்து வைத்தாள்.

"இன்னா ஆச்சி உனுக்கு? இப்டி வேர்க்குது," என்றாள் பிரின்சி.

"வெயில்."

"ஏழு மணிக்கா?"

யேசுதாஸ் வெளியே வந்தார். தாடையில் ஒரு கீறல் இல்லை. உரித்த முட்டை மாதிரி இருந்தது முகம். சந்தோஷமாகத் தெரியவில்லை. திருடன் மாதிரி தாடையைத் தடவிக்கொண்டு நின்றார்.

ஸ்டீபனால் தாங்க முடியவில்லை. "மாமா, நான் ஒண்ணு சொல்லணும். அந்தக் கத்தி..."

"நீ எதுவும் பேசாத," என்றார் யேசுதாஸ் அவசரமாக. "நல்லா இருக்குது. நேரமாச்சி. கெளம்பு."

விக்டோரியா அவர் கையில் இருந்து கத்தியை வாங்கினாள். திறந்தாள். வெளிச்சத்தில் ஒரே தடவைதான் திருப்பிப் பார்த்தாள். நான்கு துணுக்கையும் கசக்கிக் குப்பையில் போட்டாள்.

"இவரும் எங்க மூணாவது ஓலைக்கு முந்தின வாரம்தான் எங்கப்பா கத்திய ஒடைச்சிட்டு, எங்கப்பா சவரம் பண்றத கண்ணாடில பாத்த ஞாபகத்துல பள்ளத்த எதிர்ப் பக்கம் போட்டுப் புதுசா ஒண்ணு செஞ்சி குடுத்தாரு தம்பி, அதான் வாரா வாரம் வெட்டுச்சி, முப்பத்தோரு வருசம் கழிச்சி நீதான் அத சரியான பக்கத்துக்குக் கொண்டாந்துக்கீற."

யேசுதாஸ் யாரையும் பார்க்கவில்லை. மழித்த முகத்தோடு மறுபடி குளியலறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.