அக்ரஹாரத்தில் பள்ளம் தோண்டப்பட்டதாகக் கூறப்படும் விவரம்

மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு பள்ளம் தோண்டப்பட்டது. இது ஊருக்கே தெரியும். தோண்டினது யார் என்பது மட்டும் எங்கள் அலுவலகத்துக்குத் தெரியாது. தோண்டினது எங்கள் அலுவலகம்.

நான் அங்கே சூப்பரின்டென்ட். பெயர் கந்தசாமி, சொந்த ஊர் ஹனூர் பக்கம். 'நகர நிலத்தடிப் பணிகள் ஒருங்கிணைப்புப் பிரிவு' என்று வாசலில் பலகை தொங்கும். அதைப் படித்து முடிப்பதற்குள் மனு கொடுக்க வந்தவருக்குப் பாதிக் கோபம் ஆறிவிடும். மீதியை ஆற்றுவது என் வேலை. பதில்களைக் கன்னடத்தில்தான் எழுத வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது. ஆனால் கன்னடத்தில் எழுதினால் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. அதனால் இங்கிலீஷில் எழுதுகிறோம். அந்த இங்கிலீஷ் என்னுடையது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். என் இங்கிலீஷில் எல்லா வேலையும் நடக்கும், ஆள் மட்டும் இருக்கமாட்டான். குழாய் உடைக்கப்படும், பைல் தொலைக்கப்படும், தாமதத்துக்கு வருத்தமும் தெரிவிக்கப்படும். வருத்தப்பட்டது யார் என்று சாமி வந்து கேட்டாலும் கண்டுபிடிக்க முடியாது.

எங்கள் இன்ஜினியர் பசவராஜ் சாருக்கு இந்த எழுத்தின் மேல் உயிர். கொள்ளேகால்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

"வாக்கியத்துல ஆள் இருந்தா அந்த ஆளுக்கு மெமோ வரும் கந்தசாமி. ஆளே இல்லேன்னா மெமோ எங்க போயி நிக்கும்?" என்பார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் இந்தப் பள்ளம் வந்து விழுந்த இடம் என் வீட்டு வாசல்.

வீட்டு முன்னறையில் என் மனைவி ராணி மதியச் சாப்பாட்டு மெஸ் நடத்துகிறாள். கொள்ளு ரசத்துக்காகவே பேங்க்காரர்கள் ஸ்கூட்டரில் வருவார்கள். பள்ளம் வந்தபிறகு சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தாண்டல் தேவைப்பட்டது. வரும்போது வெறும் வயிறு, எப்படியோ தாண்டிவிடுவார்கள். சாப்பிட்ட பிறகு திரும்பித் தாண்டுவதுதான் பாடு. ஒவ்வொருவராக எதிர்த்த ஹோட்டலுக்குப் போனார்கள். ராணி மிஞ்சின சாதத்தை வடகமாகப் பிழிந்து மொட்டை மாடியை நிரப்பினாள்.

"ஏனுங்க, இது ஆருங்க தோண்டுனது?"

"பாக்கோணும்."

"உங்க ஆபீசுன்னு தெருவே சொல்லுது. இன்னும் ஒரு மாசம் இப்படியே கிடந்தா மெஸ்ஸை இழுத்துப் பூட்டோணும். பாத்துக்குங்க."

நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். குடிநீர்க் குழாயின் வால்வைத் தேடித் தோண்டச் சொன்னது பசவராஜ் சார். வால்வு அடுத்த தெருவில் இருந்தது. இதைச் சொன்னால் சாருக்கு மெமோ வரும், சாருக்கு வந்தால் எனக்கும் வரும். எனவே 'பாக்கோணும்' என்பதோடு நிறுத்திக்கொண்டேன். ராணி அலுவலகத்துக்கு மனு கொடுத்தாள், பதில் எழுதும் பொறுப்பு முறைப்படி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு வாரத்தில் தபால் வந்தது. ராணி கவரைக் கிழித்து என்னிடமே நீட்டினாள்.

"படிச்சுச் சொல்லுங்க."

படித்தேன். "பள்ளம் ஒன்று தோண்டப்பட்டிருப்பதாகக் கூறப்படுவது கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது என்று தெரிவிக்கப்படுகிறது."

"அப்படின்னா?"

"பள்ளம் இருக்குதாம்."

"அது எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியும்கறது அவங்களுக்கும் தெரியுமாம்."

"இதை எழுதுன புண்ணியவான் ஆருங்க?"

"எழுதப்பட்டிருக்குது, ராணி."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் அவசரமாகக் குளிக்கப் போனேன்.

இந்தச் சமயத்தில்தான் அரசாங்கத்துக்குப் புது மோகம் ஒன்று பிடித்தது. எளிய மொழி இயக்கம் என்று பெயர். பெங்களூரிலிருந்து சௌம்யா என்ற பயிற்சியாளர் லேப்டாப்போடு வந்து இறங்கினார். சட்டையில் குத்திக்கொள்ள ஆளுக்கொரு பேட்ஜ் கொடுத்தார். 'நான் நேரடியாகப் பேசுகிறேன்' என்று அதில் போட்டிருந்தது. குத்திக்கொண்டதும் ஆபீசில் பேச்சே நின்றுபோனது.

"பாஸிவ் வாய்ஸ் ஒரு நோய்," என்றார் சௌம்யா. "செஞ்சது யாருன்னு முதல்ல சொல்லணும். உதாரணமா, அக்ரஹாரத்துல ஒரு பள்ளம் இருக்கே, அதைத் தோண்டினது யாரு? யாராவது சொல்லுங்க பார்ப்போம்."

பசவராஜ் சார் எழுந்தார்.

"மேடம், டீ பிரேக் விட்டுடலாமா?"

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. 'இனிமேல் கடிதங்களில் பாஸிவ் வாய்ஸ் பயன்படுத்தப்படக் கூடாது என்று அறிவுறுத்தப்படுகிறது.' அறிவுறுத்தினது யார் என்று அதில் இல்லை.

அதன் பிறகு ஒரு கடிதமும் வெளியே போகவில்லை. ஆள் பெயர் இல்லாமல் எழுதக் கூடாது, ஆள் பெயரோடு எழுத முடியாது. தபால் பிரிவு மனோஜ்குமார் நாள் முழுக்க போனில் லூடோ ஆடினான். பசவராஜ் சார் என் மேஜைக்கே வந்து நின்றார்.

"கந்தசாமி, ஏதாச்சும் பண்ணுங்கப்பா."

பண்ணினேன். வீட்டில் விருந்தாளி வந்தால் என்ன செய்கிறோம்? முன்னறையைக் கூட்டிவிட்டுக் குப்பையைப் பின்கட்டுக்குத் தள்ளுகிறோம். அதையே இங்கிலீஷுக்கும் செய்தேன். வாக்கியத்தின் தலையில் 'நான் மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறேன்' என்று ஓர் ஆளை நிமிர்த்தி நிற்க வைத்தேன். தோண்டப்பட்டது, உடைக்கப்பட்டது, தொலைக்கப்பட்டது எல்லாவற்றையும் அவன் முதுகுக்குப் பின்னால் துணை வாக்கியத்தில் அடைத்தேன். கடிதங்களைச் சோதிக்கும் சௌம்யா மேடத்தின் கம்ப்யூட்டர் தலையை மட்டும் பார்த்துப் பச்சை விளக்குக் காட்டியது. வாலைப் பார்க்க அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மேடம் என்னைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார்.

அந்த முறையில் போன முதல் கடிதமும் என் வீட்டுக்குத்தான். 'நான் மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறேன், தங்கள் வாசலில் உள்ள பள்ளம் கவனிக்கப்பட்டு வருகிறது என்பதையும், பணி நடைபெற்று வருகிறது என்பதையும்.'

"ஆருங்க இந்த 'நான்'?" என்றாள் ராணி. "இவனுக்கு எதுக்குங்க மகிழ்ச்சி? இங்க பொழப்பு போகுது!"

அவள் அதற்குமேல் மனுக் கொடுக்கவில்லை. சனிக்கிழமை காலையில் கொத்தனார் ஜடையனைக் கூப்பிட்டாள். பக்கத்தில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து கல்லும் மண்ணும் வந்தன. தெருவே சேர்ந்து சுமந்தது. பூக்கடை மல்லம்மா தன் பூக்கூடையைக் கொட்டிவிட்டு அதில் மண் அள்ளினாள். மதியத்துக்குள் வேலை முடிந்தது. பேங்க்காரர்கள் திரும்பி வந்தார்கள். ராணி சிரித்துக்கொண்டே பரிமாறினாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கும் சந்தோஷம்தான், ரசத்தை இன்னொரு தடவை வாங்கிக் குடித்தேன்.

திங்கட்கிழமை பசவராஜ் சார் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"பெரிய ஆபீசர் இன்ஸ்பெக்ஷன் வர்றாரு. பணி நடைபெற்று வருதுன்னு எழுதியிருக்கோம். பள்ளம் எங்கப்பா?"

"மூடப்பட்டுவிட்டது சார்."

"ஆரு மூடுனது?"

அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். இருவரும் தெருவுக்குப் போனோம். ஒவ்வொரு கடையாக விசாரித்தோம். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். மல்லம்மா கையில் மண் அள்ளின காயம் இன்னும் ஆறவில்லை. அதை முந்தானையில் மறைத்துக்கொண்டு, "நாங்க பாக்கறப்பவே மூடப்பட்டிருந்துச்சு சார்," என்றாள். என் கடிதங்களைத் தெரு முழுக்க மனப்பாடம் செய்துவிட்டது போலிருந்தது.

ராணி மட்டும் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"நான்தான் மூடுனேன். இப்ப என்னங்கிறீங்க?"

பசவராஜ் சாரின் முகம் மலர்ந்தது. "கந்தசாமி! ஆள் கிடைச்சாச்சு!"

நோட்டீஸை நான்தான் எழுதினேன். 'ராணி என்பவர் அலுவலகப் பள்ளத்தை மூடினார். அவர் அதை உடனே பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.' எங்கள் ஆவணங்களின்படி அந்த இடத்தின் பழைய நிலை பள்ளம். கட்டிய மனைவிக்குத்தான் எழுதுகிறேன். ஆனாலும் முற்றுப்புள்ளி சரியான இடத்தில் விழுந்தது. சௌம்யா மேடத்தின் கம்ப்யூட்டர் அதற்கு நூற்றுக்கு நூறு கொடுத்தது.

ராணி அதை வாங்கி, அன்று யாரையும் படிக்கச் சொல்லாமல் அந்த எளிய இங்கிலீஷை எழுத்துக் கூட்டித் தானே படித்தாள். படித்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"நான் மூடுனேன்னு ஊர் முன்னால நான் சொன்னேன். இதை நான் எழுதுனேன்னு நீங்க சொல்லுங்க. ஒரு வார்த்தை போதும். கடப்பாரை எடுத்து நானே தோண்டிக் குடுத்துடறேன்."

வீட்டில் நாங்கள் இரண்டே பேர்தான் இருந்தோம். சொன்னால் யாருக்கும் கேட்டிருக்காது. வாயைத் திறந்தேன். 'நான்' என்று ஆரம்பிக்க நாக்கு எழவே இல்லை. ரிட்டயர்மென்ட்டுக்குக் கிட்டத்தில் வந்த மனுஷன், அந்த ஒற்றை வார்த்தையை எப்போதோ தொலைத்திருக்கிறேன். எழுந்துபோய்க் கடப்பாரையை நானே எடுத்தேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோண்டினேன். தெரு வேடிக்கை பார்த்தது.

"அய்யோ, மறுபடியும் ஆரு தோண்டறது?" என்றாள் மல்லம்மா.

"எங்க வூட்டுக்காரர்தான். கந்தசாமி," என்று வாசலில் நின்று உரக்கச் சொன்னாள் ராணி. "பேரை நல்லா வெச்சுக்குங்க."

மூடினதைப் பார்க்காத தெரு, தோண்டினதைப் போனில் படம் பிடித்தது. பெரிய ஆபீசர் வந்தார், பள்ளத்தை எட்டிப் பார்த்தார், பணி நன்றாக நடப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். ராணி பாத்திரங்களை அள்ளிக்கொண்டு தெருமுனையில் மல்லம்மா வீட்டு முன்னறைக்கு மெஸ்ஸை மாற்றிவிட்டாள். அங்கே எனக்கு இலை போடப்படுவதில்லை.

அந்த வாரமே தெரு சார்பில் ஒரு மனு வந்தது. 'கந்தசாமி எங்கள் தெருவில் பள்ளம் தோண்டினார்.' முதல் கையெழுத்து ராணியுடையது. பசவராஜ் சார் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

"பதில் எழுதுங்க கந்தசாமி. அலுவலகம் தோண்டலை, இவர்தான் தோண்டினாருன்னு எழுதுங்க. முன்னால இருந்த பள்ளத்தையும் இதுலயே சேத்துடுங்க. ஆள்தான் கிடைச்சுட்டாரே!"

எழுதினேன். 'அக்ரஹாரத்தில் எல்லாப் பள்ளங்களையும் கந்தசாமி தோண்டினார்.' தலையில் ஆள், வாலில் ஒன்றுமில்லை, ஒரு பிழை கிடையாது. எங்கள் பிரிவு இதுவரை அனுப்பியதிலேயே தெளிவான கடிதம் இதுதான் என்று அனைவர் முன்னிலையிலும் பாராட்டப்பட்டேன்.