தோளில் இருக்கிற கை யாருடையது?

ஆரல்வாய்மொழி முதல் களியக்காவிளை வரை, சோறு போட்டு உபசரித்த வீட்டிலேயே சாபமும் வாங்கிக்கொண்டு வந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் லென்ஸ் அண்ணாச்சி. ஒரு வீட்டில் இரண்டு வீட்டில் இல்லை, போன வீட்டில் எல்லாம். இதை எழுத உட்காரும்போதே எனக்குக் கோபம் வருகிறது. பாதி அவர் மேல், மீதி மற்ற எல்லோர் மேலும். அந்த மற்றவர்களில் நானும் ஒருத்தி என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஓர் அச்சகம். கல்யாணக் கார்டும் நினைவஞ்சலிக் கார்டும் அடித்துக்கொண்டிருந்த இடம். வளைகுடாவுக்குப் போன பிள்ளைகள் வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டி, வாசலில் இரண்டு சிங்கம் வைத்து, அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் முழித்த நேரத்தில், எங்கள் முதலாளி ‘உங்கள் குடும்ப வரலாற்றைப் புத்தகமாகப் போடுங்கள்’ என்று ஒரு நோட்டீஸ் விட்டார். கூட்டம் அள்ளியது. குடும்பங்களுக்குப் பின்னாலேயே கம்பெனிகளும் வந்தன. நான் கம்ப்யூட்டரில் பக்கம் அமைப்பவள். வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதிக்கொண்டு வருவது அண்ணாச்சியின் வேலை.

வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே வரலாறுதான் வேண்டும். பாட்டனுக்குப் பாட்டன் பத்மநாபபுரம் அரண்மனையில் ராஜாவுக்கு யோசனை சொன்னவர். நாங்கள் அச்சடித்ததை எல்லாம் நம்பினால், அந்த அரண்மனை வாசலில் யோசனை சொல்கிறவர்கள் டோக்கன் வாங்கிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். அண்ணாச்சி இதையெல்லாம் முகம் சுளிக்காமல் எழுதிக்கொள்வார். எழுதி முடித்து, இலை போட்டு, வீட்டில் எல்லோரும் முதல் உருண்டையை வாய்க்குக் கொண்டுபோகிற நேரம் பார்த்துக் கேட்பார்.

“இந்த வீட்ல யாருக்க பேரச் சொன்னா சோறு இறங்காது?”

அவ்வளவுதான். தக்கலையில் ஒரு டாக்டர் வீட்டில் மூன்று மருமகள்களும் ஒரே நேரத்தில் மூன்று பெயர் சொன்னார்கள். அண்ணன் முன்வாசல் வழியாக வெளியே போனார், தம்பி பின்வாசல் வழியாகப் போனார். அண்ணாச்சி ரசம் ஊற்றச் சொல்லி நிதானமாகச் சாப்பிட்டு, மூன்று பெயரையும் குறித்துக்கொண்டு பஸ் ஏறினார். மறுநாள் முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

“ஓய், அவியளுக்க வரலாற எழுதச் சொன்னா குடும்பத்தயே கலைச்சிட்டு வந்திருக்கீரே!”

“நான் எங்க கலைச்சேன்? நான் போகும்போதே அது கலைஞ்சுதான் கெடந்து. நான் ரசம் மட்டும்தான் குடிச்சேன்.”

லென்ஸ் என்ற பெயர் எப்படி வந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூதக்கண்ணாடி, நூலில் கட்டிச் சட்டைப் பொத்தானில் தொங்கும். டீக்கடையில் கிளாஸை அதில் பார்க்காமல் வாய் வைக்க மாட்டார். கடைக்காரர் அவருக்கென்று தனி கிளாஸ் வைத்து, அதையும் அவர் வருவதைப் பார்த்தால் ஒளித்துவிடுவார். பழைய போட்டோ கிடைத்தால் முகங்களைப் பார்ப்பதே இல்லை. ஓரங்களைத்தான் பார்ப்பார். கத்தரி பட்ட இடத்தில் மிஞ்சி நிற்கிற சேலை முந்தி, பாதிச் செருப்பு, யாருடையது என்று தெரியாத ஒரு முழங்கை.

ஒருமுறை துக்க வீட்டுக்குப் போயிருந்தோம். மாலை போட்ட படத்தின் முன்னால் இறந்தவரின் மனைவி அழுதுகொண்டிருந்தார். அண்ணாச்சி கும்பிட்டுவிட்டு நகர வேண்டியவர்தானே? லென்ஸை எடுத்துப் படத்தின் ஓரத்தில் வைத்தார்.

“எம்மா, இந்தக் கைமுட்டு யாருக்கது?”

அந்த அம்மாள் அழுகையைச் சட்டென்று நிறுத்தினார். “அந்த மூதேவிக்கதுதான்! எனக்க மூத்த கொழுந்தனுக்கது!” என்று ஆரம்பித்தார். கொழுந்தன் வாசலில்தான் நின்றிருந்தார். அன்று பிரேதம் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் தாமதம். நான் அவரை ஆட்டோவில் ஏற்றி வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. எங்கள் புத்தகம் எதுவானாலும் கடைசிப் பக்கத்தில் ஒன்றும் இருக்காது, கோடுகள் மட்டும் இருக்கும். மேலே ‘இதில் விட்டுப்போனவர்கள்’ என்று தலைப்பு. கீழே ‘பெயர்’, ‘என்ன முறை’ என்று இரண்டு கட்டம். தெரிந்தவர்கள் பேனாவால் எழுதிக்கொள்ள வேண்டுமாம். தாள் வீண் என்று முதலாளி குதிப்பார். அந்தப் பக்கம் இல்லை என்றால் நான் எழுதவில்லை என்று அண்ணாச்சி பையை எடுப்பார். ஜனங்கள் அதில் கேஸ் புக்கிங் நம்பரும் கோழி அடை வைத்த நாளும் எழுதி வைத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து அண்ணாச்சி இரண்டு நாள் டீக்கடைப் பக்கம்கூடப் போக மாட்டார்.

இப்படியிருக்க, குளச்சலில் இருந்து ஓர் ஐஸ் கம்பெனி வந்தது. இனயத்தில் ஒற்றை ஐஸ் உடைக்கும் மெஷினோடு ஆரம்பித்து, குளச்சலில் பெரிய பிளாண்ட் போட்டு, மீன் ஏற்றுமதி வரை வளர்ந்த குடும்பம். ஆரம்பித்தவர் இறந்துவிட்டார். மூத்த மகன்தான் எம்.டி. அப்பாவின் பெயரில் ஒரு புத்தகம், தனி மனிதராய்ப் போராடி ஜெயித்த கதை, ஆர்ட் பேப்பரில்.

அண்ணாச்சி அங்கேயும் சாப்பாட்டில் உட்கார்ந்து கேள்வியைக் கேட்டார். இறந்தவரின் மனைவி, அந்தப் பெரியம்மா, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ‘ஆளு உண்டு’ என்று அண்ணாச்சி நோட்டில் எழுதிக்கொண்டார்.

வரவேற்பறையில் அந்த முதல் மெஷின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது, சந்தன மாலையோடு. பக்கத்தில் ஒரு போட்டோ. கம்பெனியை ஆரம்பித்தவர் இளவயதில் மெஷின் அருகே நிற்கிறார். படம் இடது பக்கம் கத்தரித்திருந்தது. ஆனால் அவர் தோளில் ஒரு கை இருந்தது. தோளை வெட்டாமல் அந்தக் கையை வெட்ட முடியாததால் விட்டிருக்கிறார்கள். அண்ணாச்சி லென்ஸை வைத்தார். கையில் மூன்று விரல்தான் இருந்தது.

“இது யாருக்க கை?”

“அது ஸ்டுடியோக்காரனுக்க கையா இருக்கும்,” என்றார் எம்.டி.

“அவன் தோள்ல கைய போட்டுட்டு நின்னா, போட்டோ யாரு எடுத்தா?”

எம்.டி. எங்கள் முதலாளிக்கு போன் போட்டார். முதலாளி என்னிடம் வந்தார். கையை எடுத்துவிடு என்றார். பத்து நிமிஷ வேலை. சட்டைத் துணியை இழுத்து நிரப்பி, மடிப்புக்கூடத் தெரியாமல் முடித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, முடித்தபின் நானே இரண்டு தரம் பெரிதாக்கிப் பார்த்து ரசித்தேன்.

அண்ணாச்சி பிரிண்ட் எடுத்த பக்கத்தில் லென்ஸை வைத்தார்.

“ஏட்டி, இதுல இருந்த கை எங்க?”

“அழிச்சாச்சு.”

“யாருக்க கைன்னு தெரியுமா?”

“தெரியாது.”

“தெரியாமலா அழிச்ச?”

எனக்கும் கோபம் வந்துவிட்டது. “அண்ணாச்சி, உங்களுக்குக் குடும்பம் இல்ல, குட்டி இல்ல. எனக்கு இருக்கு. சொன்ன வேலைய நான் செய்யுதேன்,” என்று கத்தினேன். அவர் லென்ஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார்.

ஒரு வாரம் ஆள் வரவில்லை. இனயம் போய் மீன் விற்கும் பெண்கள் ஒவ்வொருவரிடமும் தன் இரண்டு விரலை மடக்கிக் காட்டி, “இப்பிடி ஒரு கை பாத்ததுண்டா?” என்று கேட்டிருக்கிறார். ஒரு பெண் கொடுவா மீனால் அடிக்க வந்தாளாம். கடைசியில் திங்கள்நகர்ச் சந்தையில் கருவாட்டுக் கடை போட்டிருந்த ஓர் அம்மாளைக் கூட்டிக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பெயர் சிசிலி. ஐஸ் கம்பெனிக்காரரின் கூடப்பிறந்த அக்கா.

மெஷின் வாங்கியதே அக்காவும் தம்பியும் சேர்ந்துதான். வந்த முதல் மாதமே அது அக்காவின் இரண்டு விரலைத் தின்றுவிட்டது. கட்டுப் போட்ட கையோடு மீன் ஏலத்துக்குப் போய் நின்று ஐஸ் விற்றவர் அவர். முதல் வருஷம் முடிந்தபோது எடுத்த படம்தான் அது. பிறகு இந்தக் கிறிஸ்தவ வீட்டுப் பெண், வேறு சாமி கும்பிடுகிற, ஐஸ் லாரி ஓட்டிய ஓர் அய்யாவழிக்காரரைக் கட்டிக்கொண்டார். அன்றைக்கே கத்தரியை எடுத்துவிட்டார்கள்.

நான் அமைத்த பக்கத்தை அண்ணாச்சி அவர் முன்னால் வைத்தார். சிசிலியக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

“கொள்ளாம். மெஷின் ரெண்டு வெரலத்தான் எடுத்துது. மிச்சம் மூணையும் நீ எடுத்திட்டியே மக்களே.”

திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவர் போகும்போது மேஜையில் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு வைத்துவிட்டுப் போனார், எனக்காக.

அன்று மத்தியானமே கையைத் திரும்பத் தோளில் வைத்தேன். முதலாளி சரி சொன்ன பக்கத்தை மாற்றிவிட்டு இந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பினேன். படத்துக்கு அடியில் போட அண்ணாச்சி ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தார்: ‘தோளில் இருப்பது அக்கா சிசிலியின் கை. மெஷினைக் கூட வாங்கியவர்.’

வெளியீட்டு விழா குளச்சலில் ஒரு கல்யாண மண்டபத்தில். பங்குச்சாமியார் ஜெபம் சொல்லி முதல் பிரதியைக் கொடுத்தார். எம்.டி. மைக் முன்னால் நின்று சிரித்த முகத்தோடு புரட்டினார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார்.

“எவம்லே இந்தக் கைய திருப்பி ஒட்டினது?”

துறைமுகம் வரை கேட்டது. உடனே ஆட்களை விட்டுக் கொடுத்த புத்தகத்தை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். முன்வரிசையில் பெரியம்மா இருந்தார், அன்று தட்டைத் தள்ளிய அதே பெரியம்மா. அவரிடம் கை நீட்டியபோது புத்தகத்தை நாற்காலியில் போட்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

“எனக்கதத் தொட்டா ஒடிச்சுப் போடுவேன். அவிய சாகும்போ கேட்டது இந்தக் கையத்தான்.”

எம்.டி. பிறகு புத்தகத்தை வேறு எங்கோ கொடுத்து, கை இல்லாமல் அடித்துக்கொண்டார். விழாவுக்கு மறுநாள் எங்கள் அச்சகத்தில் விசாரணை. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

“நான்தான் கம்ப்யூட்டர்ல கைய எடுத்து வச்சேன். இந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது.”

“அப்பிடியா? எங்க, ஆன் பண்ணிக் காட்டும் பாப்போம்.”

அண்ணாச்சி லென்ஸை எடுத்துக் கீபோர்டை ஓரம் ஓரமாகப் பார்த்தார். பிறகு மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ தட்டினார். அச்சகம் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. முதலாளிக்குப் பொய் என்று தெரியும். ஆனால் பக்கம் அமைக்க ஆள் வேண்டும், கேள்வி கேட்க ஆள் வேண்டாம். அண்ணாச்சியை அனுப்பிவிட்டார். நான் அங்கேதான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்தக் கோபம் முழுக்க அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

போன மழையில் அண்ணாச்சி செத்துப்போனார். தகவல் எனக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இப்போது எங்கள் அச்சகத்துக்கே வெள்ளிவிழாப் புத்தகம். பைண்டர் உண்டு, வாட்ச்மேன் உண்டு, முதலாளியின் நாய்க்குக்கூட அரைப்பக்கம் உண்டு. அண்ணாச்சி இல்லை. சண்டை போட்டுப் பார்த்தேன். முதலாளி, “அந்த ஆளு நம்ம பேரக் கெடுத்தவன்,” என்றார். கோடு போட்ட கடைசிப் பக்கத்தை மட்டும் நான் யாரையும் கேட்காமல் சேர்த்துவிட்டேன். புத்தகம் வந்ததும் என் பிரதியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, ‘பெயர்’ என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன். அப்போதுதான் உறைத்தது. எனக்கு அவர் பெயர் தெரியாது. ஊரில் விட்டுப்போன பெயரை எல்லாம் தேடி அலைந்த மனிதரின் பெயரை, பன்னிரண்டு வருஷம் பக்கத்து மேஜையில் இருந்தும் நான் கேட்டதில்லை. பைண்டருக்குத் தெரியவில்லை. டீக்கடைக்காரருக்குத் தெரியவில்லை. கோட்டாறில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டில், “ஆரு, லென்ஸ் சாரா?” என்றார்கள்.

கடைசியில் திங்கள்நகர் போனேன். சிசிலியக்கா கருவாட்டை மூடிவைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“உங்கள்ல யாருக்கும் தெரியாதா? என்னக் கூட்டிட்டு வந்தாருல்லா, அண்ணைக்கு பஸ்ஸுலயே நான் கேட்டேனே. எனக்க பேர ஒருத்தரு தேடி வந்து கேட்டாரு, நான் அவருக்க பேரக் கேக்காண்டாமா?”

சொன்னார். அந்தப் பெயரை இங்கே நான் எழுதப் போவதில்லை. வேண்டும் என்கிற எங்கள் அச்சகத்துக்காரர்கள் பஸ் ஏறிச் சந்தைக்குப் போய், அந்த அம்மாள் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளட்டும். நான் அங்கேயே, கருவாட்டுத் தட்டு ஓரத்தில் புத்தகத்தை வைத்து எழுதினேன். அடுத்த கட்டம் ‘என்ன முறை’. அதை நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அண்ணன் என்று எழுதினேன்.