வினாடி வினாவுக்குள் ஒரு விசில்

இந்தத் தடவை ஜெயித்தே தீருவது என்று முடிவு கட்டிவிட்டேன். ஜெயிக்கப் போவது நானில்லை, என் ராடென். ராடென் என் சோலைபாடிப் பறவை. வால் மட்டுமே ஒரு சாண் இருக்கும். தொண்டையைத் திறந்தால் ஜாவா முழுக்கக் கேட்கும் என்று நான் சொல்வேன். அடுத்த தெரு வரைக்கும் கேட்கும் என்று என் மனைவி ரத்ரி சொல்வாள். உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, என் பக்கத்துக்குக் கொஞ்சம் கிட்டத்தில்.

போன பறவைப் பாட்டுப் பந்தயத்தில் ராடென் வாயே திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கஸ்னோவின் பறவை கோப்பையை அடித்துக்கொண்டு போய்விட்டது. கஸ்னோ அந்தக் கோப்பையை அலமாரியில் வைத்திருந்தால் நான் ஏன் கேட்கப் போகிறேன்? ஜன்னலில் வைத்திருக்கிறான், என் வீட்டைப் பார்த்தாற்போல. காலையில் பல் தேய்க்க வந்தால் முதலில் அது என்னைப் பார்த்து இளிக்கிறது. மனுஷன் எத்தனை நாள் பொறுப்பான்?

"தேக், இந்தத் தடவை கோப்பை நம்ம வீட்டுக்குத்தான்" என்றேன். ரத்ரியை நான் செல்லமாகக் கூப்பிடுவது தேக் என்றுதான்.

"வரலேன்னா?"

"வரலேன்னா இனிமே எல்லா ஞாயித்துக்கிழமையும் உங்கம்மா வீட்டுக்கு வரேன். பந்தயமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. உங்கம்மாவோட மீன் குளத்தைக்கூட நானே இறங்கிக் கழுவறேன். போதுமா?"

"சத்தியமா, மாஸ்?"

தெருவில் என் பெயர் குணாடி, பழகினவர்களுக்கு மாஸ் குன், அதாவது குன் அண்ணன். வீட்டுக்குள் வெறும் மாஸ். அந்த ஒரு சொல்லை ரத்ரி எவ்வளவு நீளம் இழுக்கிறாள் என்பதை வைத்தே வீட்டில் வெயிலா மழையா என்று சொல்லிவிடுவேன். அன்றைக்கு அதை ரொம்பக் குட்டியாகச் சொன்னாள். ரத்ரி குட்டியாகச் சொன்னால் ஏதோ பெரிதாக நினைக்கிறாள் என்று அர்த்தம். எனக்கு அது உறைக்கவில்லை.

ரத்ரி நடுநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். அந்தப் பள்ளிக்கு எதிரே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். முன்னெல்லாம் தேர்வு வந்தால் என் கடையில் திருவிழாக் கூட்டம். இப்போது தேர்வெல்லாம் போனுக்குள் போய்விட்டது. அதுவும் புதிதாக வந்த தலைமையாசிரியை ஓர் உத்தரவு போட்டிருந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் மேலே ஒரு குட்டி வீடியோ ஓட வேண்டும். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுச் சரியான விடையை அழுத்த வேண்டும். வீடியோவை எங்கிருந்தும் எடுத்துப் போடக் கூடாது, டீச்சரே பிடித்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து ரத்ரி சாயங்காலமானால் போனோடு பின்கட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தட்டும். உத்தியோகம். நான் பாட்டுக்கு டெம்பே வறுவலைக் கொறித்துக்கொண்டு இருந்தேன். அப்போதுதான் கேட்டது.

ஃபீ... ஃபியூ!

ஒரு விசில். அது முடிந்ததும் ரத்ரியின் சிரிப்பு. மறுபடி விசில். மறுபடி சிரிப்பு. டெம்பேத் தட்டைக் கீழே வைத்தேன்.

"தேக்! உள்ள யாரு?"

"நானும் என் கேள்வித்தாளும்."

"விசில் சத்தம் கேட்டுச்சே?"

"கேள்வியில வீடியோ சேக்கறேன், மாஸ்."

"வீடியோவுல விசிலடிக்கிறவன் யாரு?"

"அதைச் சொன்னா விடையைச் சொன்ன மாதிரி ஆயிடும். பிள்ளைங்களுக்குப் போறதுக்கு முன்னாடி வெளிய சொல்லக் கூடாது."

"நான் உன் புருஷன்டீ!"

"நீங்க ஜெராக்ஸ் கடைக்காரர். கேள்வித்தாள் விஷயத்துல ஊர்ல யாரை நம்பினாலும் உங்களை நம்பக் கூடாது."

மறுநாள் வேலியோரம் கஸ்னோவிடம் மெல்ல ஆரம்பித்தேன், யாருக்கோ நடந்த கதை மாதிரி.

"மாஸ் குன், விசில் தனியா வந்தா பரவாயில்ல. சிரிப்பு தனியா வந்தாலும் பரவாயில்ல. ரெண்டும் சேந்து வருதுன்னா கொஞ்சம் யோசிக்கணும்."

"பாடமா இருக்கும்யா. அறிவியல்."

"அறிவியலுக்கு யாரு சிரிப்பா? நீங்க படிச்சப்போ சிரிச்சீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். அழுதிருக்கிறேன். சிரித்ததில்லை.

துப்புத் துலக்க இறங்கினேன். முதலில் விளையாட்டு வாத்தியார் பாக் ஹெர்மான்; பாக் என்றால் எங்கள் ஊரில் ஐயா. எந்நேரமும் கழுத்தில் இரும்பு விசில் தொங்குகிற ஆள். கடைக்கு வந்தவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, "இரும்பு இல்லாம வெறும் வாயால அடிப்பீங்களா, பாக்?" என்று கேட்டேன். மனுஷன் உற்சாகமாகி ஊதினார். விசில் வரவில்லை. என் டீக்குள் எச்சில்தான் வந்தது. அடுத்தது தெருவில் பக்ஸோ, அதுதான் கறி உருண்டைக் குழம்பு, விற்று வண்டி தள்ளுகிறவர். கிண்ணத்தைத் தட்டித் தட்டி எல்லா வீட்டு வாசலிலும் நிற்கிற ஆளாயிற்றே! "அண்ணே, ஒரு விசில் அடிங்களேன்" என்றேன். முன்பல் இரண்டும் போன மனுஷனிடம் இப்படிக் கேட்டுவிட்டேன். அன்று என் கிண்ணத்தில் வெறும் குழம்பு, ஒரு உருண்டை இல்லை.

சரி, நேரடியாக ஒட்டுக்கேட்பதுதான் வழி. ஆனால் சொந்த வீட்டுக்குப் பின்னால், ஜன்னலுக்குக் கீழே, திருடன் மாதிரி எப்படி நிற்பது? கஸ்னோவின் பெண்டாட்டி பார்த்தால் ஊருக்கே தண்டோரா. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை பளிச்சென்று உதித்தது. கூண்டு! எங்கள் ஊரில் கையில் பறவைக் கூண்டோடு ஓர் ஆண் எங்கே நின்றாலும் ஏன் நிற்கிறாய் என்று கேட்க மாட்டார்கள். காவல் நிலைய வாசலில் நின்றால்கூட, பறவைக்குக் காற்று வாங்குகிறார் என்று ஒதுங்கிப் போவார்கள்.

இதில் ஒரே ஒரு சிக்கல். ராடென் அப்போது இறகு உதிர்த்துக்கொண்டிருந்தான். அந்தக் காலத்தில் சோலைபாடி பாடாது, கேட்கும். அதனால் கூண்டைத் துணியால் மூடி, நன்றாகப் பாடுகிற வேறொரு பறவைக்குப் பக்கத்தில் தொங்கவிட வேண்டும். கேட்டதையெல்லாம் மனசில் வாங்கி வைத்துக்கொண்டு, புது இறகு முளைத்ததும் அதைத்தான் பாடும். கண்ட சத்தமும் காதில் விழக் கூடாது. கூண்டு வைத்திருக்கிற எவனுக்கும் இது பாலபாடம். எனக்கும் தெரியும். ஆனால் பெண்டாட்டியா பறவையா என்று வந்துவிட்டால் என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

தினமும் சாயங்காலம் மூடிய கூண்டோடு பின்ஜன்னலுக்குக் கீழே நின்றேன். உள்ளே திரை போட்டிருந்தது. ஃபீ... ஃபியூ! பிறகு சிரிப்பு. சில நாள் ரத்ரியின் குரல் தணிந்து வந்தது.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க... ஆங், அப்படியே... அசையாம நில்லுங்க."

வாங்களாம்! நில்லுங்களாம்! மரியாதையைப் பாருங்கள்! எனக்கு ரத்தம் கொதித்தது. இன்னும் நன்றாகக் கேட்க வேண்டும் என்று ஜன்னல் பலகையில் காதை அழுத்தி வைத்துக்கொண்டேன். மழை கொட்டினாலும் போனேன். கொசு கடித்தாலும் அசையவில்லை.

ஆளைப் பிடிக்க முடியவில்லை. அதற்குள் ராடெனுக்குப் புது இறகு முளைத்து மினுமினுவென்று ஆகிவிட்டான். துணிக்குள்ளே ஏதோ முனகிக்கொண்டிருந்தான். திறந்து பார்க்கலாம் என்றால், "மைதானம் வரைக்கும் துணியை எடுக்காதீங்க, மாஸ் குன். வேகமெல்லாம் வீட்டுலயே போயிடும்" என்று கஸ்னோவே பெரிய மனசோடு சொன்னான். எடுக்கவில்லை.

பந்தயத்தன்று காலையில் ரத்ரி புது பாத்திக் உடுத்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"உங்க கூடத்தான், மாஸ்."

"இத்தனை வருஷத்துல ஒரு நாள் வந்ததில்லையே?"

"கோப்பையும் கையுமா உங்களை ஒரு படம் பிடிக்க வேணாமா?"

மனசு குளிர்ந்தது. மறு நிமிஷமே குடைந்தது. கோப்பையைப் பார்க்க வருகிறாளா, விசில்காரனைப் பார்க்க வருகிறாளா?

மைதானத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். கூண்டுகள் உள்ளே, நாங்கள் வெளியே. கயிற்றுக்கு வெளியே நிற்கிறவன் தன் பறவையை உசுப்பிவிடக் கத்தக் கூடாது, கைதட்டக் கூடாது, விசிலடிக்கக் கூடாது. மீறினால் அந்த ஆளுடைய பறவை போட்டியிலிருந்து வெளியே. நடுவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு கூண்டாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் கஸ்னோ பதற்றத்தில் நகம் கடித்துக்கொண்டிருந்தான். நான் கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டித் துணியை எடுத்தேன். ராடென் நெஞ்சை நிமிர்த்தினான். வாலை ஒரு வெட்டு வெட்டினான். தொண்டையைத் திறந்தான்.

ஃபீ... ஃபியூ!

எனக்குப் பறவையெல்லாம் மறந்துபோயிற்று. வந்துட்டான்டா! சட்டென்று கூட்டத்தின் பக்கம் திரும்பினேன்.

"எவன்டா அவன்? ஆம்பளையா இருந்தா முன்னால வாடா!"

நடுவர் வந்துவிட்டார். "விசிலடிச்சது யாரு?"

"அவனைத்தான் நானும் ஒரு மழைக்காலம் பூரா தேடறேன், ஐயா!"

"இந்தப் பக்கத்துலேர்ந்துதான் வந்துச்சு. நீங்கதானே?"

"நானா? நான் எதுக்கு..."

ஃபீ... ஃபியூ! நான் பேசிக்கொண்டிருக்கும்போதே. நடுவர் என் வாயைப் பார்த்தார். பிறகு கஸ்னோவின் வாயைப் பார்த்தார். அதில் விரல் இருந்தது.

"ஓஹோ. நீங்கதானா?"

"ஐயோ, நான் நகம் கடிச்சேன், பாக்!"

"நகம் கடிச்சா விசில் வருமா? உங்க பறவையை இறக்குங்க!"

சத்தியமாகச் சொல்கிறேன், அன்று முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான். நீடிக்கவில்லை. ராடென் நேரே நடுவரைப் பார்த்து, கழுத்தை நீட்டி, மூன்றாவது தடவை அடித்தான். மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. நடுவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"பறவைப் பாட்டுக்கு மார்க் போடலாம். இது மனுஷ விசில். இதுக்கு எதுல மார்க் போடறது? கூண்டை எடுத்துட்டுக் கிளம்புங்க, பாக்."

திரும்பிப் பார்த்தேன். ரத்ரி போனை உயர்த்திப் பிடித்து எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். பின்ஜன்னலில் கேட்ட அதே சிரிப்பு.

வீட்டுக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டினேன்.

"தேக், எனக்கு இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும். யாரு அவன்?"

ரத்ரி கூண்டை என் மடியில் வைத்தாள். இரண்டு விரலை வாயில் வைத்தாள்.

ஃபீ... ஃபியூ! எதிரே வந்த லாரி நின்றேவிட்டது.

"நீயா!"

"நாங்க வாத்து மேய்ச்ச குடும்பம், மாஸ். விசிலடிக்காம வாத்து வீட்டுக்கு வருமா?"

"இதை என்கிட்ட சொன்னதே இல்லையே!"

"நீங்க கேட்டதே இல்லையே. ஊர்ல இருக்கிற ஆம்பளைங்களைத்தானே கேட்டீங்க? பாக் ஹெர்மான் பாவம், என்கிட்ட வந்து, உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையான்னு விசாரிச்சார்."

"எதுக்குடீ இந்த வேலை?"

"பாடம் அது. பிறக்கும்போதே வர்ற குணம் எது, கேட்டுப் பழகற குணம் எதுன்னு. எழுதிப் போட்டா எந்தப் பிள்ளை படிக்குது? கேள்விக்கு மேல ஓட்டிக் காட்டணும். அதுக்கு இறகு உதிர்க்கிற பறவை வேணும். நம்ம வீட்டுலயே ஒண்ணு இருந்துச்சு."

"கேட்டிருக்கலாமே, தேக்?"

"கேட்டா கூண்டைத் தொட விடுவீங்களா? பக்கத்துல தும்மினாலே முறைப்பீங்க. கொண்டு வாங்கன்னு சொன்னா வர மாட்டீங்க. சந்தேகம் வந்தா நீங்களே தூக்கிட்டு வருவீங்க. வந்தீங்க. மழையிலயும் வந்தீங்க."

"அப்போ, கிட்ட வாங்க, அசையாம நில்லுங்கன்னு சொன்னது?"

"உங்களைத்தான். திரை இடுக்குல போனை வச்சிருந்தேன். கூண்டு படத்துல பாதிதான் விழுந்துச்சு."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எவனும் இல்லை! ஒருத்தனும் இல்லை! நடுரோட்டில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நிம்மதியில் கோப்பை போனதும், ராடென் இனி எந்தப் பந்தயத்துக்கும் உதவ மாட்டான் என்பதும்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. ரத்ரி பின்னால் ஏறி உட்கார்ந்து என் தோளில் கையை வைத்தாள்.

"மாஆஆஸ்... குளத்துல இறங்கறதுக்குப் பழைய டவுசர் இருக்கா?"

இரண்டு நாள் கழித்து வினாடி வினா பிள்ளைகளுக்குப் போனது. சமாதானக் கொடி மாதிரி எனக்கும் ஒன்று அனுப்பினாள். "நீங்களும் எழுதிப் பாருங்க, மாஸ். உழைச்சிருக்கீங்க." கடையில் உட்கார்ந்து எழுதினேன். இலை எப்படி மூச்சு விடுகிறது, சரி. எறும்பு ஏன் வரிசையில் போகிறது, சரி. ராடென் நடுவரைப் பார்த்து விசிலடித்தது பிறவிக் குணமா, பழகியதா? சரி! எல்லாம் சரி. பள்ளிக்கூடத்தில்கூட நான் இப்படி எழுதியதில்லை.

கடைசிக் கேள்விக்கு மேலே வீடியோ ஓடியது. கொட்டுகிற மழையில் நான் நிற்கிறேன். கையில் மூடிய கூண்டு. காது ஜன்னலில். வாய் பிளந்திருக்கிறது. கீழே கேள்வி: "மேலே உள்ள இரண்டு உயிர்களில், இத்தனை நாள் கேட்டும் எதையும் கற்றுக்கொள்ளாதது எது?" ஒன்று, பறவை. இரண்டு, மனிதர்.

எனக்கும் தன்மானம் என்று ஒன்று இருக்கிறதே! "பறவை" என்று அழுத்தினேன்.

மொத்த வகுப்பிலும் அந்தக் கேள்விக்குத் தப்பாக விடை சொன்னது ஒரே ஒரு ஆள்தான் என்று போன் காட்டியது.