மேஸ்திரி சீட்டுக்கு அடியில் தீ

யாரையும் "எழுந்திருங்க" என்று சொல்ல எனக்கு வராது. பஸ்ஸில் துண்டு போட்டு வைத்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டால், துண்டையும் அவருக்கே விட்டுவிட்டு நின்றுகொண்டு போகிற ஆள் நான். (இதுவரை மூன்று துண்டு போயிருக்கிறது.) இந்தக் குணத்தால் ஒருமுறை ஒரு மனிதரை உயிரோடு வறுத்துவிடப் பார்த்தேன். அவர் என் மகளுக்கு மாமனாராக வர இருந்தவர்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு லோடு வண்டி ஓட்டுகிறேன். வீட்டுக்கென்று ஒரு பழைய வேனும் உண்டு. அதற்கு இன்ஜின் முன் சீட்டுகளுக்கு அடியில் இருக்கும்.

மாப்பிள்ளை வீடு வாலாஜாபேட்டை. மாப்பிள்ளையின் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்தவர். அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. ஆனாலும், "எங்க குலதெய்வத்துக்குப் பொங்கல் வெச்சு, சாமிகிட்ட பூ உத்தரவு கேட்டுட்டுத்தான் சம்மதம் சொல்லுவோம்" என்றார் மேஸ்திரி. கோயில் எங்கள் பக்கத்து மலையடிவாரக் காட்டில் இருந்தது. தார் ரோட்டை விட்டு நாலு கிலோமீட்டர் மாட்டுவண்டித் தடம். நானே கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் என் மனைவி செல்வி என்னை வீட்டுக்குள் விடமாட்டாள்.

தயார் செய்யாமல் போகவில்லை. கம்பெனியில் டிரைவர்களுக்குத் தீ வகுப்பு எடுத்திருந்தார்கள். காட்டுப் பாதையில் போனால் தீயணைக்கும் சிலிண்டர் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். நடுநடுவே இறங்கி வண்டிக்கு அடியில் சிக்கிய காய்ந்த புல்லை எடுக்க வேண்டும். புகை வந்தால் புல் இல்லாத இடத்தில் நிறுத்தி, முதலில் ஆட்களை இறக்க வேண்டும். எல்லாம் மனப்பாடம். "யாராவது ஒருத்தர் வந்து அடிச்சுக் காட்டுங்க" என்று சொன்ன நேரத்தில் மட்டும் நான் கக்கூசுக்குப் போயிருந்தேன்.

சொந்தக் காசில் ஒரு சிலிண்டர் வாங்கி என் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். செல்வி பார்த்தாள்.

"இன்னாய்யா இது? நல்ல காரியத்துக்குப் போறப்ப அவங்க காலுகிட்ட பாம் மாதிரி?"

சிலிண்டர் பின்னால் போனது. அதன் மேல் அரிசி, வெல்லம், பொங்கல் பானை, கடைசியாகப் பழத்தட்டு.

பங்குனி வெயில். தடத்தின் நடுவில் முழங்கால் உயரத்துக்குப் புல் காய்ந்து நின்றது. இறங்கிப் பார்க்க வேண்டும் என்று இரண்டு முறை தோன்றியது. செல்வியும் மேஸ்திரியின் சம்சாரமும் பின் சீட்டில் இருந்தார்கள். மேஸ்திரி முன் சீட்டில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்து மகனின் பெருமையைச் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் எப்படி நிறுத்துவது?

கொஞ்ச நேரத்தில் அவரே பேச்சை நிறுத்தினார்.

"இன்னாங்க, ஏதோ கருகுற வாசனை வருது?"

எங்கள் ஊரில் எந்த நாற்றத்துக்கும் ஒரே பதில்தான். பழக்கத்தில் அதையே சொன்னேன். "தோல் ஷாப்பு வாசனைங்க."

அவர் வெளியே பார்த்தார். வேப்பமரமும் பாறையும்தான் இருந்தன.

"முப்பது வருஷம் அதுல குப்பை கொட்டினவன்யா நானு. இது தோல் இல்ல."

மேலும் கொஞ்ச தூரம் போனோம். "சீட்டு சூடா கீதே?" என்றார்.

"வெயில் ஜாஸ்திங்க."

அதற்குள் கியர் கம்பியைச் சுற்றிப் புகை வந்துவிட்டது. பக்கத்திலேயே வெறும் பாறை ஒன்று இருந்தது. அதன் மேல் ஏற்றி நிறுத்திச் சாவியைத் திருப்பி அணைத்தேன். இதுவரை சரி. இனி ஆட்களை இறக்க வேண்டும். நல்ல காரியத்துக்குப் போகும்போது 'எரியுது' என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் மரியாதைக்கு உட்கார வைத்தவரை எழுப்பி?

"மேஸ்திரி, கொஞ்சம் இறங்கறீங்களா?"

"கோயில் வந்துடுச்சா?"

"இல்லீங்க."

"அப்புறம் இன்னாத்துக்கு?"

"சும்மாதாங்க. காத்தோட்டமா இருக்கும்."

பின் சீட்டிலிருந்து செல்வி கத்தினாள். "யோவ்! வண்டி எரியுதுன்னு சொல்லுய்யா!"

மேஸ்திரி இறங்கிய வேகத்தை நான் அதற்குப் பிறகு யாரிடமும் பார்த்ததில்லை. வேட்டியின் பின்பக்கம் தோசை அளவுக்குக் கருகியிருந்தது. அவருடைய சம்சாரம் பின் கதவு வழியாகச் செருப்பில்லாமல் குதித்தார்.

நான் பழத்தட்டை இறக்கினேன். (கீழே வைக்கக் கூடாது என்று அந்த அம்மா கையில் மரியாதையாகக் கொடுத்தேன்.) பானை, வெல்லம், அரிசி. கடைசியில் சிலிண்டர். பிடியை அழுத்தினேன், ஒன்றும் வரவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினேன். "பின்னைப் புடுங்குய்யா!" என்று மேஸ்திரி ஓடி வந்தார். பிடுங்கினேன்.

சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து அடித்தேன். காற்றுக்கு எதிரே நின்றுகொண்டு அடிக்கக் கூடாது என்பது வகுப்பில் நான் கக்கூசில் இருந்தபோது சொன்ன பாடமாக இருக்க வேண்டும். பவுடர் முழுவதும் திரும்பி வந்து என் பின்னால் நின்ற மேஸ்திரி மேல் விழுந்தது. மீசை, புருவம், சட்டை எல்லாம் வெள்ளை.

அந்த நேரம் பார்த்துச் செல்வி பொங்கலுக்குக் கொண்டுவந்த தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்தாள். பெட்ரோல் கசிந்திருந்தால், மேலே தண்ணீர் ஊற்றுவது தீயைப் பரப்பும். "ஊத்தாதே" என்று சொல்ல வாய் வராமல் குறுக்கே போய் நின்றேன். குடம் முழுவதும் என் தலையில்.

நனைந்தபடியே மறுபக்கம் ஓடி, காற்று முதுகில் படும்படி நின்று, தீயின் அடியைப் பார்த்து மிச்சப் பவுடரை அடித்தேன். அணைந்தது. புல்லும் கொஞ்சம் ஒயரும்தான் போயிருந்தது. இன்னும் ஒரு நிமிடம் நான் மரியாதை பார்த்திருந்தால் பெட்ரோல் குழாயும் போயிருக்கும்.

சம்பந்தம் போச்சு என்று செல்வியின் கண்ணே சொன்னது. மேஸ்திரியின் சம்சாரம் பழத்தட்டோடு அப்படியே நின்றார். பிறகு மெதுவாக, "பூ உத்தரவு..." என்று இழுத்தார்.

மேஸ்திரி முகத்தைத் துடைத்தார். "நாலு பேரும் முழுசா நிக்கிறோம். இதுக்கு மேல சாமி இன்னா உத்தரவு தரணும்?" பிறகு என்னைக் காட்டிச் சொன்னார். "என் பின்னாடி தீப்பிடிச்சப்பகூட குரலை ஏத்தாத மனுஷன்டி இவரு. இவரு பெத்த பொண்ணு நம்ம வூட்டுல சத்தம் போட்டுப் பேசுமா? எனக்குச் சம்மதம்."

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். மகளுக்கு யாருடைய வாய் என்று அவர் கேட்கவில்லை. நாங்களாகவும் சொல்லவில்லை.

கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. இப்போது சிலிண்டர் என் வலது கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புல் தடத்தில் யார் பேசிக்கொண்டிருந்தாலும் இறங்கிக் குனிந்து பார்க்கிறேன். மேஸ்திரி வாரம் ஒருமுறை போன் செய்வார். எடுத்ததும் ஒன்றும் பேசமாட்டார். போனைத் தன் வீட்டுச் சமையலறைப் பக்கம் நீட்டிப் பிடிப்பார். அங்கே என் மகள் யாரையோ வாங்கு வாங்கு என்று வாங்கிக்கொண்டிருப்பாள்.

"கேட்டுச்சா சம்பந்தி?"

"கேட்டுச்சுங்க."

"இன்னா சொல்றீங்க?"

"சிக்னல் சரியா இல்லீங்க" என்று சொல்லி வைத்துவிடுவேன்.