ஓவர்சியர் அம்மாளின் மாற்றலை நிறுத்தக் கோரி

ஆற்றங்கரைத் தெரு,
9.8.1982

சென்னையில் பெரிய ஆபீசில் உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளை பொன்னுராஜ் அவர்களுக்கு மைத்துனன் வைகுண்டராஜ் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் சம்சாரம் சண்முகத்தாயும் பாத்திரக்கடையும் நலம். அங்கு தாங்களும் தங்கை பூமாரியும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முல்லையாற்றில் தண்ணீர் கரை தொட்டுப் போகிறது.

விஷயம் என்னவென்றால், நம் ஊர் ஓவர்சியர் கிருபாவதி அம்மாளை எங்காவது தூரத்துக்கு மாற்றிவிடும்படி சித்திரையில் எழுதினேன் அல்லவா? காரியம் முடியப்போகிறது என்று பதில் போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து முடிக்க வேண்டாம். கையெழுத்தாகும் முன்னால் அந்தக் காகிதத்தை எப்படியாவது பிடித்து நிறுத்துங்கள். கோபப்படாமல் காரணத்தைக் கேளுங்கள்.

ஆற்றங்கரையைச் சீர்திருத்தி புது பஸ் ஸ்டாண்டும் கரையோர ரோடும் போடப்போகிறார்கள் என்றதும் ஊரில் அதிகம் சந்தோஷப்பட்டவன் நான்தான், பஸ் என் கடை வாசலிலேயே நிற்குமே! அப்போதுதான் இந்த அம்மாள் ஜீப் இல்லாமல் நடந்தே வந்தார், ரோட்டுக்கும் கடைகளுக்கும் நடுவில் நடக்கிறவர்களுக்கென்று ஆறடி அகலத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார், அந்தக் கோடு என் கடையின் மூன்று கல்படிகளையும் தகரப் பந்தலையும் விழுங்கிக்கொண்டு போனது. "நடக்கிறதுக்கு எதுக்கும்மா பிளான்? கால் இருக்கு, நடக்கிறான்" என்றேன். அவர் சண்டைக்கு வரவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு என் பந்தலுக்கு அடியிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நோட்டில் கோடு கோடாகக் கிழிக்க ஆரம்பித்தார். மூன்று நாள் இதே வேலை. "என்னம்மா எழுதுறீக?" என்று கேட்டேன். "போறவுக வாறவுகளை எண்ணுறேன் அண்ணாச்சி. நேத்து பஸ்ஸுல வந்தவுக அறுநூறு பேரு. நடந்து வந்தவுக மூவாயிரத்துக்கு மேல. ரோடு யாருக்குப் போடணும், நீங்களே சொல்லுங்க" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் தங்களுக்குக் கடிதம் எழுதினேன்.

எழுதிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். தோண்ட வரும் ஆட்களைத் தடுக்க அந்தக் கோட்டின் மேல் அலுமினியக் குடங்களை ஆள் உயரத்துக்கு அடுக்கிவைத்தேன். புல்லுக்கட்டோடு வந்த ராக்கம்மாள் நடக்க இடமில்லாமல் ரோட்டில் இறங்க, பின்னால் வந்த கம்பம் பஸ் ஹாரன் அடிக்க, அவள் பதறித் திரும்ப, புல்லுக்கட்டு அடுக்கில் மோதி, குடங்கள் அத்தனையும் சரிவில் உருண்டு ஆற்றில் விழுந்து வாத்துக்கூட்டம் போல வீரபாண்டிப் பக்கம் புறப்பட்டுவிட்டன. நானும் குதித்தேன். நாலு குடம் அகப்பட்டது, ஆனால் பாசி வழுக்கிக் கரையேற முடியவில்லை, வேட்டி மற்ற குடங்களோடு போய்விட்டது. ஊரே மேலே நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னது. ராக்கம்மாள்தான் தலைச் சும்மாட்டுத் துணியை வீசி, "அண்ணாச்சி, மொதல்ல இதைச் சுத்துங்க!" என்று கத்தினாள். கிருபாவதி அம்மாள் தாம் அளக்கிற சிவப்பு வெள்ளைக் கழியை நீட்டி என்னை இழுத்துக் கரை சேர்த்தார். பிறகு ராக்கம்மாளுக்கு அடிபட்டதா என்று பார்த்தார், எனக்கும் பார்த்தார், நோட்டை எடுத்தார். என் மேல் புகார் எழுதுகிறார் என்று நினைத்தேன். "இங்கன ஏற வழியில்லைன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது அண்ணாச்சி. படி வேணும்னு எழுதிக்கிறேன்" என்றார்.

மாப்பிள்ளை, அன்று ராத்திரிதான் யோசித்தேன். ராக்கம்மாள் பஸ்ஸுக்கு அடியில் போயிருந்தால்? மறுநாள் கடப்பாரை எடுத்து என் கல்படிகளை நானே பெயர்த்தேன். அதன்பின் அந்த அம்மாள் வேலை பார்த்த அழகைச் சொல்ல வேண்டும். குடத்தோடு ஏறும் பெண்களின் பின்னாலேயே நடந்து, கால் எவ்வளவு தூக்குகிறார்கள் என்று பார்த்து, ஆற்றுப்படிகளை ஆறே அங்குல உயரத்தில் கட்டவைத்தார். ஜனங்கள் எந்த இடத்தில் குறுக்கே ஓடுகிறார்களோ அங்கேயே ரோட்டைக் கடக்க வெள்ளைக்கோடு போட்டார். ஆறடி எதற்கென்று இப்போதுதான் புரிகிறது: இரண்டு புல்லுக்கட்டு எதிரெதிரே வந்தாலும் இடிக்காது. "நமக்குன்னும் ஒரு பாதை போட்டுக் குடுத்தாகளே மகராசி" என்று ராக்கம்மாள் கடை கடையாகச் சொல்லித் திரிகிறாள். நடந்து வருகிறவர்கள்தான் நின்று குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிறார்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் என் போர்டைக்கூடப் படிப்பதில்லை.

இப்படிப்பட்டவரை விரட்டச் சொன்னது நான்தான் என்று தெரிந்தால் ஊர் என் முகத்தில் விழிக்காது. ஆகவே நிறுத்துங்கள். பூமாரிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். சண்முகத்தாய் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்
வைகுண்டராஜ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது கிருபாவதி அம்மாளே கடைக்கு வந்தார், கையில் மாற்றல் உத்தரவு, நாகர்கோவிலுக்கு. நான் இந்தக் கடிதத்தை ஒரு குடத்துக்குள் போட்டு மறைத்தேன். அவரோ சிரித்த முகமாக, "எங்க வீட்டுக்காரர் அங்கனதான் வாத்தியாரா இருக்காக அண்ணாச்சி. கல்யாணமாகி மூணு வருசம், சேர்ந்து இருந்தது மொத்தம் நாப்பது நாளு. ரெண்டு வருசமாக் கேட்டும் கிடைக்கலை. எந்தப் புண்ணியவான் செஞ்சாகளோ, நல்லா இருக்கணும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சண்முகத்தாய் என்னைப் பார்த்து, "புண்ணியவானுக்கும் சேத்துக் காப்பி போடவா?" என்றாள். ஆகவே மாப்பிள்ளை, தாங்கள் எதையும் நிறுத்த வேண்டாம், மேலே நலம் விசாரித்தது தவிர மற்றதையெல்லாம் அடித்துவிடுங்கள். ஒன்றே ஒன்று: அவர் இடத்துக்கு யாரைப் போட்டாலும், ஜீப் இல்லாத ஆளாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள்.